'என் அம்மா என் அம்மாதான்': பாலஸ்தீனக் கலையின் இரண்டு வேலைகள்

2023 அக்டோபர் 25 அன்று அமெரிக்க அதிபர் ஜோ பைடன், காஸாவில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று பாலஸ்தீனர்கள் சொல்லும் கணக்கில் தமக்கு நம்பிக்கை இல்லை என்றார். மறுநாளே காஸா சுகாதார அமைச்சகம் இருநூறு பக்கத்துக்கும் அதிகமான ஒரு பட்டியலை வெளியிட்டது. பெயர், வயது, ஆணா பெண்ணா, அடையாள எண். கிட்டத்தட்ட 7,000 பேர். பல இடங்களில் ஒரே குடும்பப் பெயர் வரிக்கு வரி இறங்கிக்கொண்டே போகும். வயது மட்டும் தாத்தாவிலிருந்து கைக்குழந்தை வரை மாறும்.

கணக்குத் தகராறுக்கு அது பதில், சரி. ஆனால் அந்தப் பட்டியலை முழுசாகப் படித்தாலும் அதில் இருக்கும் ஒருவரைக்கூட நமக்குத் தெரியவராது. அவருக்கு எது பிடிக்கும், யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, எந்தப் பரீட்சையில் கோட்டைவிட்டார் என்பதெல்லாம் அதில் கிடையாது. இரண்டு வருடத்தில் அதே அமைச்சகத்தின் எண்ணிக்கை 67,000-ஐத் தாண்டியது. எண் பெருகப் பெருகப் படிப்பவருக்கு மரத்துப்போவதுதான் நடக்கிறது. இந்தச் சிக்கல் பாலஸ்தீன எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் நாடகக்காரர்களுக்கும் புதிது இல்லை. 1948-இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டும் தப்பியோடியும் அகதிகளான நாளிலிருந்து அவர்கள் இதோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். அவர்கள் கையாண்ட வழிகள் என்ன, அவை எங்கே பலிக்கின்றன, அவர்களிலேயே சிலர் இப்போது ஏன் சலித்துப்போய்ப் பேசுகிறார்கள் என்பதைப் பார்க்கலாம்.

முதலில், ஒரு மக்களை மனிதர்களாகக் காட்ட வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது? 1969-இல் இஸ்ரேல் பிரதமர் கோல்டா மேயர் லண்டன் பத்திரிகை ஒன்றுக்குக் கொடுத்த பேட்டியில் பாலஸ்தீனர்கள் என்று யாரும் இருந்ததில்லை என்றார். 1983-இல் ராணுவத் தலைமைத் தளபதி ரஃபேல் ஈத்தான், நாம் குடியேறி முடித்தபின் அரபுகளால் புட்டிக்குள் அடைபட்ட, மயங்கிய கரப்பான்பூச்சிகள் மாதிரி ஓடத்தான் முடியும் என்று பேசினார். 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டு 250 பேர் வரை பணயக்கைதிகளாகப் பிடிக்கப்பட்டார்கள். இரண்டு நாள் கழித்துப் பாதுகாப்பு அமைச்சர் யோவ் கேலண்ட், மின்சாரம் கிடையாது, உணவு கிடையாது, எரிபொருள் கிடையாது, நாம் மனித விலங்குகளோடு போரிடுகிறோம் என்று அறிவித்தார். அவர் ஹமாஸைத்தான் சொன்னார் என்று பிறகு விளக்கினார்கள். முற்றுகை விழுந்தது காஸாவின் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள்மீது.

இது எதிராளியின் பேச்சு. இன்னொரு வகையும் இருக்கிறது, அதைப் பற்றிக் குறைவாகத்தான் பேசுகிறோம். ஆதரவாளர்களும் பாலஸ்தீனரை ஆளாகப் பார்ப்பதில்லை. அவர்களுக்கு அவர் தியாகி, வீரர், கல்லெறியும் சிறுவன், தலைவிரிகோலமாக அழும் தாய். போஸ்டருக்குப் பொருத்தமான உருவம்.

பாலஸ்தீன-அமெரிக்க அறிஞர் எட்வர்ட் சயீத் இதை நேரடியாக அனுபவித்தவர். 1983-இல் ஜெனீவாவில் பாலஸ்தீனப் பிரச்சினை குறித்து ஐ.நா. ஒரு மாநாடு நடத்தியது. ஆலோசகராக இருந்த சயீத், பாலஸ்தீனர்களின் அன்றாட வாழ்க்கையைப் படம்பிடிக்க ழான் மோர் என்ற சுவிஸ் புகைப்படக்காரரை அனுப்ப ஏற்பாடு செய்தார். படங்கள் வந்தன. மாநாட்டு அரங்கில் மாட்டலாம், ஆனால் படத்தின் கீழே எதுவும் எழுதக்கூடாது என்று உத்தரவு வந்தது. நாடு அல்லது இடத்தின் பெயர் மட்டும் போடலாம். அதற்குமேல் ஒரு சொல் கூடாது. ஆட்சேபித்தவர்களில் பாலஸ்தீனத்துக்காக மேடையில் முழங்கும் அரபு நாடுகளும் இருந்தன. முகம் தெரியலாம், கதை தெரியக்கூடாது என்பதுதான் அந்த உத்தரவின் அர்த்தம். சயீத் சும்மா விடவில்லை. அந்தப் படங்களுக்குப் பக்கத்தில் தன் உரைநடையை வைத்து 1986-இல் ஒரு முழுப் புத்தகமாகவே வெளியிட்டார். ஐ.நா. தடுத்த படக்குறிப்பு ஒரு நூலளவு நீண்டுவிட்டது என்று சொல்லலாம்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பாலஸ்தீனக் கலைக்கு இரண்டு வேலைகள் வந்து சேர்ந்தன. நாங்கள் ஒரு மக்கள், இல்லாமல் போய்விடவில்லை என்று உலகத்துக்குச் சொல்வது ஒன்று. இந்த மக்களில் இதோ இவர் ஒரு ஆள் என்று காட்டுவது மற்றொன்று. இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றும். உண்மையில் ஒன்றையொன்று இழுக்கும். முதல் வேலைக்குச் சின்னங்கள் வேண்டும்: விட்டுவந்த வீட்டின் சாவி, ஆலிவ் மரம், கெஃபியே என்ற கட்டம்போட்ட தலைத்துணி. சின்னம் எல்லாருக்கும் பொது. தனி ஆளுக்கு அதில் இடம் கிடையாது.

1980-இல் ராமல்லாவில் 'கேலரி 79' என்ற ஓவியக்கூடத்தை இஸ்ரேல் ராணுவம் மூடியது. ஓவியர் சுலைமான் மன்சூர் பிற்பாடு பலமுறை சொன்ன கதை இது. சிவப்பு, பச்சை, கறுப்பு, வெள்ளை நான்கையும் சேர்த்து வரையக்கூடாது, அது பாலஸ்தீனக் கொடியின் நிறம் என்று அதிகாரி சொல்கிறார். பூ வரைந்தால்? அதையும் எடுத்துக்கொண்டு போவோம், தர்ப்பூசணி வரைந்தாலும் எடுத்துக்கொண்டு போவோம். இன்று உலகமெங்கும் ஊர்வலங்களில் தூக்கிப் பிடிக்கும் தர்ப்பூசணிக்குச் சொல்லப்படும் கதைகளில் இதுவே பிரபலமானது. ஆக்கிரமிப்புப் பகுதியில் 1993 வரை கொடிக்குத் தடை இருந்ததால், பெண்கள் உடுப்பில் தையல்வேலையாகவே கொடியைக் கொண்டுவந்த காலமும் உண்டு. இவையெல்லாம் முதல் வேலை. தேவையான வேலை. ஆனால் தர்ப்பூசணிக்கு முகம் கிடையாது.

நாஜி அல்-அலியின் கார்ட்டூன்களில் நிற்கும் ஹந்தாலாவுக்கும் முகம் கிடையாது. 1969-இல் குவைத் பத்திரிகை ஒன்றில் பிறந்த அந்தப் பத்து வயதுப் பையன், 1973-க்குப் பிறகு நமக்கு முதுகைக் காட்டியே நிற்கிறான். வரைந்தவர் ஊரைவிட்டு வெளியேறியபோது அவருக்கும் ஏறத்தாழ அதே வயது. ஊர் திரும்பும்வரை ஹந்தாலா வளர மாட்டான் என்று சொல்லியிருந்தார். அரபு அரசர்களையும் பாலஸ்தீனத் தலைமையையும் இஸ்ரேலையும் ஒரே மாதிரி கிண்டலடித்த நாஜி அல்-அலி 1987-இல் லண்டனில் சுடப்பட்டு இறந்தார். யார் சுட்டது என்பது இன்றுவரை நிரூபணமாகவில்லை. எதிரிகள் எல்லாப் பக்கமும் இருந்தார்கள்.

இரண்டாவது வேலையை, அதாவது ஆளைக் காட்டும் வேலையை, நான் படித்தவர்களில் மிக நன்றாகச் செய்தவர் கஸ்ஸான் கனஃபானி. 1936-இல் அக்கா நகரில் பிறந்தார். பன்னிரண்டு வயதில் அகதி. டமாஸ்கஸிலும் குவைத்திலும் பள்ளி ஆசிரியர். பிறகு பெய்ரூத்தில் பத்திரிகையாளர், பாலஸ்தீன விடுதலைக்கான மக்கள் முன்னணியின் செய்தித் தொடர்பாளர். 1972 ஜூலை 8 அன்று காரில் வைத்த குண்டு வெடித்து, பதினேழு வயது அக்கா மகளோடு இறந்தார். இயக்கத்து ஆள்தான். ஆனால் அவருடைய புனைகதையில் இயக்கத்து வாசனை ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு.

1963-இல் வெளியான 'சூரியனில் மனிதர்கள்' குறுநாவலில் மூன்று பாலஸ்தீனர்கள் பஸ்ராவிலிருந்து குவைத்துக்குத் திருட்டுத்தனமாக வேலைக்குப் போகிறார்கள், காலித் தண்ணீர் லாரியின் தொட்டிக்குள் ஒளிந்துகொண்டு. பாலைவன வெயில். எல்லைச் சாவடியில் ஓட்டுநர் இறங்கிக் கையெழுத்து வாங்கிவர வேண்டும். ஆறேழு நிமிட வேலை. அங்கிருக்கும் அதிகாரி ஒரு நாட்டியக்காரியின் பெயரைச் சொல்லி ஓட்டுநரைக் கேலிசெய்து பேச்சை வளர்க்கிறார். அவர் திரும்பி வந்து மூடியைத் திறக்கும்போது மூவரும் செத்துக்கிடக்கிறார்கள். ஏன் தொட்டியைத் தட்டவில்லை, ஏன் சத்தம் போடவில்லை என்று ஓட்டுநர் கதறுவதோடு கதை முடிகிறது.

அந்தக் கடைசிக் கேள்வியைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அது அரசியல் உருவகம் என்று பரீட்சையில்கூட எழுதலாம். எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. மூவரில் இளையவன் மர்வானுக்குப் பதினாறு வயது. அவன் ஏன் பள்ளிக்கூடத்தை விட்டுக் கிளம்பினான்? குவைத்திலிருந்து பணம் அனுப்பிக்கொண்டிருந்த அண்ணன் கல்யாணம் செய்துகொண்டு பணத்தை நிறுத்திவிட்டான். அப்பா, மனைவி மக்களை விட்டுவிட்டு, குண்டுவீச்சில் ஒரு காலை இழந்த ஒரு பெண்ணை மணந்துகொண்டார். காரணம், அவளுக்குச் சொந்தமாக ஒரு வீடு இருந்தது, கான்கிரீட் கூரை போட்ட வீடு. முகாமின் மண் குடிசையில் வருஷக்கணக்காகக் கிடந்த மனிதருக்குச் சாவதற்குமுன் ஒரு கான்கிரீட் கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்ற ஆசை. அவ்வளவுதான். மர்வானுக்கு அப்பா மேல் கோபம் வருகிறது. அதே சமயம் முழுசாக வெறுக்கவும் முடியவில்லை. இந்தத் தகப்பன் வீரரும் இல்லை, தியாகியும் இல்லை. கொஞ்சம் கேவலமான காரியம் செய்தவர். ஆனால் அந்தக் கூரை ஆசையைப் படித்தபிறகு 'அகதி முகாம்' என்ற சொல் பழையபடி வெற்றுச் சொல்லாக இருக்க முடியாது.

1969-இல் எழுதிய 'ஹைஃபாவுக்குத் திரும்புதல்' இன்னும் ஒரு படி மேலே போகிறது. 1948 கலவரத்தில் கைக்குழந்தையை வீட்டில் விட்டுப் பிரிய நேர்ந்த தம்பதி, 1967 போருக்குப் பின் எல்லை திறந்ததும் அந்த வீட்டைத் தேடிப் போகிறார்கள். அங்கே இப்போது வசிப்பவள் மிரியம், போலந்திலிருந்து வந்த யூதப் பெண், அப்பாவை நாஜிகளிடம் பறிகொடுத்தவள். செத்த அரபுக் குழந்தை ஒன்றை இரண்டு பேர் விறகுக்கட்டையைப்போல வண்டியில் வீசியதைப் பார்த்துவிட்டு, இந்த ஊரே வேண்டாம் என்று ஒருகாலத்தில் நினைத்தவள். இயக்கத்துப் பத்திரிகை நடத்தியவர், தன் வீட்டில் குடியிருக்கும் எதிரிக்கு இப்படி ஒரு மனசாட்சியைக் கொடுக்கிறார். எதிராளியை மனிதராக எழுதுவது தன் கட்சியைப் பலவீனப்படுத்தும் என்ற பயம் அவருக்கு இல்லை. இன்றைக்கு எந்தப் பக்கத்திலும் அப்படி எழுதுபவர்கள் அதிகம் இல்லை.

மஹ்மூத் தர்வீஷின் சங்கடம் வேறு. 1941-இல் பிறந்த அவருடைய ஊர் அல்-பிர்வா, 1948-க்குப் பின் தரைமட்டமானது. இருபது சொச்ச வயதில் எழுதிய 'அடையாள அட்டை' அவரைத் தேசியக் கவியாக்கியது. பின்னாளில் மேடையேறும்போதெல்லாம் கூட்டம் அதையே கேட்கும்; அவருக்கு அலுத்துப்போனது. இஸ்ரேல் சிறையில் இருந்த காலத்தில் அம்மாவின் ரொட்டிக்கும் காபிக்கும் ஏங்கி ஒரு கவிதை எழுதினார். மார்செல் கலீஃபே அதற்கு மெட்டமைத்துப் பாட, அரபுலகம் முழுக்கப் பரவியது. பாடியவர்கள் அந்த அம்மாவைத் தாய்நாடாக்கிவிட்டார்கள். 2001-இல் நியூயார்க் டைம்ஸ் பேட்டியில் தர்வீஷ் இதைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டார். நான் எழுதுவதற்கு முன்பே என்னைப் படித்துவிடுகிறார்கள். அம்மாவைப் பற்றி எழுதினால் பாலஸ்தீனத்தின் சின்னம் என்கிறார்கள். நான் கவிஞனாக எழுதுகிறேன், என் அம்மா என் அம்மாதான், சின்னம் இல்லை என்பது அதன் சாரம். சொந்த வாசகர்களிடம் தன் அம்மாவைத் திருப்பிக் கேட்க வேண்டிய நிலைமை.

ஓவியத்திலும் காட்சிக் கலையிலும் இந்தத் திருப்பிக் கேட்டலை எமிலி ஜாசிர் செய்தது தனி அழகு. 2001-க்கும் 2003-க்கும் இடையில் அவர் செய்த 'நாங்கள் எங்கிருந்து வருகிறோம்' என்ற படைப்பில் ஓவியமே கிடையாது. ஜாசிரிடம் அமெரிக்க பாஸ்போர்ட் இருந்தது. அதனால் பெரும்பாலான பாலஸ்தீனர்கள் போக முடியாத இடங்களுக்கு அப்போது போக முடிந்தது. வெளிநாட்டில் இருப்பவர்களிடமும், ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போக அனுமதி இல்லாதவர்களிடமும் ஒரே கேள்வி கேட்டார்: பாலஸ்தீனத்தில் எங்கேயாவது உங்களுக்காக நான் ஏதாவது செய்ய முடியுமென்றால், என்ன செய்யட்டும்?

பதில்களில் ஒன்று: ஜெருசலேமில் இருக்கும் என் அம்மாவின் கல்லறைக்கு அவருடைய பிறந்தநாளன்று போய்ப் பூ வைத்துப் பிரார்த்தனை செய்யுங்கள். இன்னொருவர்: ஹைஃபா தெருவில் முதலில் கண்ணில் படும் பாலஸ்தீனப் பையனோடு கால்பந்து விளையாடுங்கள். ஒருவர், பெற்றோரின் ஊர்த் தண்ணீரைக் குடிக்கச் சொன்னார். போனில் மட்டும் பேசிப் பழகிய கிழக்கு ஜெருசலேம் பெண்ணை எனக்குப் பதிலாக வெளியே அழைத்துப் போய்ச் சாப்பிட்டு வாருங்கள் என்றார் ஒரு இளைஞர். ஒருவர், தபால் நிலையத்துக்குப் போய் என் போன் பில்லைக் கட்டிவிடுங்கள் என்றார்.

ஜாசிர் போய்ச் செய்தார். விண்ணப்பத்தையும், கேட்டவர் ஏன் தானே போக முடியாது என்பதையும் ஒரு பலகையில் எழுதி, பக்கத்தில் செய்து முடித்ததன் புகைப்படத்தை மாட்டினார். சோதனைச் சாவடியும் துப்பாக்கியும் இந்தப் படங்களில் வராது. ஆனால் பார்ப்பவர் மனசில் சாவடியைத் தவிர வேறெதுவும் ஓடாது. ஒரு போன் பில் கட்ட இன்னொரு நாட்டு பாஸ்போர்ட் தேவைப்படுகிறது என்பதை எந்த அறிக்கையும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. இதே ஜாசிர் 2001-இல் 418 கிராமங்களின் பெயர்களை ஒரு அகதிக் கூடாரத்துணியில் நூலால் தைத்து வைத்ததும் உண்டு. 1948-இல் அழிக்கப்பட்ட, காலியாக்கப்பட்ட கிராமங்கள் அவை. கூடாரம் முதல் வேலை, போன் பில் இரண்டாவது. இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்.

கதை சொல்வது என்று வந்தால், புத்தகத்துக்கு முன்பே பாலஸ்தீனத்தில் ஹிகாயே இருந்தது. குளிர்கால இரவுகளில் வயதான பெண்கள் வீட்டுக்குள் பேரக்குழந்தைகளுக்கும் மற்றப் பெண்களுக்கும் சொல்லும் கதைகள். 2005-இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் பாரம்பரியமாக அறிவித்தது. மாமியார் மருமகள், சக்களத்தி, தந்திரக்காரி, ஆசை என்று எல்லாம் வெளிப்படையாக வரும். இப்ராஹிம் முஹாவியும் ஷரீஃப் கனானாவும் 45 கதைகளைத் தொகுத்து 1989-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார்கள். 2007-இல் ஹமாஸ் கையிலிருந்த கல்வி அமைச்சகம், அதன் அரபுத் தொகுப்பில் ஆபாசம் இருக்கிறது என்று பள்ளி நூலகங்களிலிருந்து அகற்ற உத்தரவிட்டது. எழுத்தாளர்கள் கொதித்தெழ, உத்தரவு வாபஸானது. பாட்டி சொன்ன கதைக்குத் தடைபோட வெளியாள்தான் வர வேண்டும் என்பதில்லை.

இப்போது காஸாவுக்கு வரலாம். காஸா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் நடத்திய ரெஃபாத் அலரீர், 2008-09 போருக்குப் பிறகு மாணவர்களிடம் கதை எழுதச் சொன்னார். ஆங்கிலத்தில். அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த 23 சிறுகதைகள் 2014-இல் ஒரு தொகுப்பாக வந்தன. ஆங்கிலம் என்ற தேர்வைச் சிலர் குறை சொன்னார்கள். அவருடைய கணக்கு எளிமையானது: குண்டுக்குப் பணம் கொடுக்கும் நாட்டு மக்கள் என்ன மொழியில் படிக்கிறார்களோ அந்த மொழியில் எழுத வேண்டும். அடுத்து, 2015-இல் 'நாங்கள் எண்கள் அல்ல' என்ற அமைப்பு தொடங்கியது. அதை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். காஸா இளைஞர் ஒருவரையும் வெளிநாட்டில் இருக்கும் ஒரு தேர்ந்த எழுத்தாளரையும் ஜோடி சேர்த்து, கதையைத் திருத்தித் திருத்தி எழுதவைப்பது அதன் முறை. கல்லூரி முடித்து வேலையில்லாமல் இருப்பது, மின்வெட்டு, கடல், சண்டை போட்டுப் பிரிந்த நண்பன் என்று போர் இல்லாத விஷயங்களும் அங்கே எழுதப்பட்டன. அந்த மாதிரி எழுத்துதான் போரைப் பற்றிய எழுத்தைவிடப் போரைப் புரியவைக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

2023 டிசம்பர் 6 அன்று வான்தாக்குதலில் அலரீர் கொல்லப்பட்டார். கூடவே அவருடைய சகோதரர், சகோதரி, சகோதரியின் குழந்தைகள். அதற்கு ஐந்து வாரம் முன்பு தன் சமூக ஊடகப் பக்கத்தில் உச்சியில் நிறுத்திவைத்திருந்த கவிதை, தான் சாக நேர்ந்தால் நீ உயிரோடிருந்து என் கதையைச் சொல் என்று கேட்பது, உலகம் முழுக்க மொழிபெயர்க்கப்பட்டது. அந்தக் கவிதையில் வரும் காற்றாடி ஊர்வலங்களில் பறந்தது.

ஆனால் அலரீரைச் சுற்றியே இன்னொரு விஷயமும் நடந்தது. அக்டோபர் 7 தாக்குதல் நியாயமானது என்று பிபிசியில் அவர் பேசினார். அது பலரைப் புண்படுத்தியது, பிபிசியும் கண்டித்தது. 2021-இல் இஸ்ரேலியக் கவிதையை நிதானமாக நடத்தும் பேராசிரியர் என்று நியூயார்க் டைம்ஸ் அவரைப் பற்றி ஒரு கட்டுரை போட்டது. அவர் முன்பு ஒரு வகுப்பில் அதே கவிதையைக் கடுமையாகத் தாக்கியிருக்கிறார் என்று கண்டுபிடித்து, பிறகு திருத்தக் குறிப்பு சேர்த்தது. சாந்தமான பேராசிரியர் என்றால் பக்கத்தில் இடம் உண்டு; கோபக்கார மனிதர் என்றால் விளக்கம் தேவை. அவருடைய அந்த பிபிசி பேச்சு எனக்கு ஏற்புடையதல்ல. அதற்காக அவரும் அவர் சகோதரியின் குழந்தைகளும் எண்ணாக மாற வேண்டியதில்லை.

முகம்மது எல்-குர்த் என்ற ஜெருசலேம் கவிஞர் 2025-இல் வெளியிட்ட நூலின் பொருளே இதுதான். மனிதராக்கிக் காட்டுதல் என்ற இந்தத் தொழிலையே அவர் சந்தேகப்படுகிறார். உலகம் இரக்கப்பட வேண்டுமானால் இறந்தவர் குழந்தையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மருத்துவர், இல்லையென்றால் அமெரிக்கக் குடிமகள். கோபமே படாத, யாரையும் திட்டாத, குறையே இல்லாத பலியாள். இப்படி வடிகட்டினால் சாதாரண ஆம்பளைக்கு என்ன கிடைக்கும்? பெண்களும் குழந்தைகளும் இத்தனை பேர் என்று செய்தி வாசிக்கும்போது மிச்சமுள்ள ஆண்கள் யார், அவர்கள் செத்தது பரவாயில்லையா என்று மாயா மிக்தாஷி என்ற ஆய்வாளர் 2014-லேயே கேட்டிருந்தார். காய்கறி விற்றவர், சும்மா உட்கார்ந்து சிகரெட் பிடித்தவர், பெண்டாட்டியோடு சண்டை போட்டவர். கனஃபானியின் அந்தக் கான்கிரீட் கூரைத் தகப்பன் இன்றைய இரக்கச் சந்தையில் தேற மாட்டார்.

எல்-குர்த்தின் வாதம் வலுவானது. ஆனாலும் அதை முழுசாக ஏற்க எனக்குத் தயக்கம். அவர் சாடுவது கெஞ்சும் கலையை. கெஞ்சாத கலையும் அதே ஊரிலிருந்து வருகிறது.

காஸாவில் பிறந்த இயக்குநர் ரஷீத் மஷராவி, போர் நடந்துகொண்டிருக்கும்போதே அங்கே சிக்கியிருந்தவர்களை 22 குறும்படங்கள் எடுக்கவைத்தார். 2024-இல் ஒரே தொகுப்பாக வந்தது. அதில் ஒரு படத்தில் நிதால் தாமோ என்ற நகைச்சுவைக் கலைஞர், அகதிக் கூடாரங்களுக்கு நடுவே குளிக்க ஓர் இடம் தேடி அலைகிறார், அன்றைக்கு மாலை மேடையேற வேண்டும் என்பதற்காக. இன்னொன்றில் குழந்தைகள் காகிதம் வெட்டி அனிமேஷன் செய்கிறார்கள். செத்துப்போனால் அடையாளம் தெரிய வேண்டுமென்று அம்மாக்கள் பிள்ளைகளின் கையிலும் காலிலும் பெயர் எழுதியதைப் பற்றி.

மூன்றாவது, இதிமாத் வஷா எடுத்த படம். கழுதை வண்டி ஓட்டுபவர் ஒருவரைப் பற்றிய கதை. வண்டிக்காரர் கொல்லப்பட்டபின் கழுதை தானாக வீடு திரும்ப வேண்டும் என்பது திட்டம். பாதியில் படம் நிற்கிறது. இயக்குநரே திரையில் வந்து, என் சகோதரனும் அவன் பிள்ளைகளும் கொல்லப்பட்டார்கள், என்னால் முடிக்க முடியவில்லை, கதை இப்படி முடிந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போகிறார். அழவைக்க எந்த முயற்சியும் இல்லை. வேலை நின்றுபோனதற்கு விளக்கம் கொடுக்கும் ஒருவரின் குரல், அவ்வளவே. இந்தப் பெண் நம்மிடம் எதையும் நிரூபிக்கவில்லை. முடிக்க முடியாத ஒரு படத்தின் இயக்குநர் என்ற முறையில் மட்டும் பேசுகிறார்.

இதற்கு நேரெதிரான முனையில் 2025-இல் வெனிஸ் விழாவில் பரிசு பெற்ற 'ஹிந்த் ரஜபின் குரல்' இருக்கிறது. 2024 ஜனவரியில் காஸா நகரில் உறவினர்களின் பிணங்களோடு காரில் சிக்கிக்கொண்டு செம்பிறைச் சங்கத்துக்குப் போனில் பேசிய சிறுமியின் நிஜக் குரலையே அதன் துனிசிய இயக்குநர் படத்தில் பயன்படுத்தினார். நடிகர்கள் அதைக் கேட்டு நடிக்கிறார்கள். குடும்பத்தின் சம்மதத்தோடுதான். படம் உலுக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு குழந்தையின் கடைசிப் பேச்சைக் கேட்டால்தான் நமக்கு உறைக்கும் என்றால், கோளாறு பார்வையாளரிடம்.

அப்புறம், இதனால் எல்லாம் என்ன மாறியது என்ற கேள்வி. நேர்மையாகச் சொன்னால், களத்தில் மிகக் கொஞ்சம். மேற்குக் கரையில் மசாஃபர் யத்தா கிராமங்கள் இடிக்கப்படுவதைப் பற்றி இரண்டு பாலஸ்தீனர்களும் இரண்டு இஸ்ரேலியர்களும் சேர்ந்து எடுத்த 'வேறு நிலம் இல்லை' 2025 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியது. அமெரிக்காவில் அதை வெளியிட ஒரு பெரிய நிறுவனம்கூட முன்வரவில்லை. அதே மாதம் அதன் இயக்குநர்களில் ஒருவரான ஹம்தான் பல்லால் தன் ஊரில் குடியேற்றவாசிகளால் தாக்கப்பட்டு, ராணுவக் காவலில் வைக்கப்பட்டார். படத்துக்கு உதவிய அவ்தா ஹதலீன் ஜூலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். பாலஸ்தீன எழுத்தாளர் அடானியா ஷிப்லிக்கு 2023 ஃப்ராங்ஃபர்ட் புத்தகச் சந்தையில் நடக்கவிருந்த பரிசளிப்பு விழா தள்ளிப்போடப்பட்டது. கதையைச் சொல்ல அனுமதி வேண்டியிருக்கிறது என்று சயீத் 1984-இல் எழுதியது இன்றும் பழசாகவில்லை.

தமிழுக்கு இந்த எழுத்து வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எம்.ஏ. நுஃமான் மொழிபெயர்த்த 'பலஸ்தீனக் கவிதைகள்' 1981-இல் இலங்கையில் வெளியானது. ஈழத்துக் கவிதை அரசியலை உரத்துப் பேசத் தொடங்கிய காலத்தில் பரவலாக வாசிக்கப்பட்டது. தர்வீஷும் ஃபத்வா துகானும் நமக்கு அப்படித்தான் அறிமுகம். அதன் விளைவு ஒன்றும் உண்டு. நமக்குத் தெரிந்த பாலஸ்தீனர் பெரும்பாலும் எதிர்ப்புக் கவிதையின் பாலஸ்தீனர். காதலில் தோற்றவர், சோம்பேறி, நகைச்சுவைக்காரர், பொய்சொல்லி எல்லாம் தமிழில் இன்னும் சரியாக வந்து சேரவில்லை.

அதனால் புதிதாகப் படிக்க நினைப்பவருக்கு என் யோசனை: 'அடையாள அட்டை'யில் தொடங்க வேண்டாம். எலியா சுலைமானின் படங்களில் ஒன்றைப் பாருங்கள். நாஸரேத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருவர் முற்றத்தில் ஒருவர் குப்பை கொட்டிச் சண்டை போடுவார்கள். இயக்குநர் ஒரு வார்த்தை பேசாமல் முழித்துக்கொண்டு நிற்பார். வயிறு குலுங்கச் சிரிக்கலாம். பிறகு கனஃபானியை எடுங்கள், முதலில் மர்வானின் அத்தியாயம்.